பச்சைச் சட்டைக்கு யார் காசு கொடுப்பது?

சுற்றுச்சூழலைக் கெடுக்காத உடைதான் வேண்டும் என்று உலகம் கேட்கத் தொடங்கியிருக்கிறது. அந்தக் கேள்வி திருப்பூர் சாயப்பட்டறைக்கு வந்து சேரும்போது என்ன ஆகிறது?

திருப்பூரில் ஒரு டி-சர்ட் ஆர்டர் படிய முன்பெல்லாம் மூன்று பதில் போதும். பீஸ் என்ன ரேட்டு, எந்தத் தேதிக்குள் கப்பல் ஏறும், துவைத்தால் சாயம் போகுமா? இப்போது அந்த மூன்றோடு ஒரு நீண்ட பட்டியலும் சேர்ந்து வருகிறது. பஞ்சு எந்த மாநிலத்தில் விளைந்தது, ஆர்கானிக் என்றால் சான்றிதழ் எங்கே, சாயப்பட்டறை எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்திருக்கிறது, ஓடும் மின்சாரத்தில் காற்றாலையின் பங்கு எவ்வளவு, சட்டையை மடித்துப் போடும் பாலி பேக் புதிய பிளாஸ்டிக்கா, பழையதை உருக்கிச் செய்ததா? பெரிய பனியன் கம்பெனிகளில் இதற்கு பதில் எழுதவே தனி ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர் அது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் போகிறது. லண்டனிலோ பெர்லினிலோ கடைக்குப் போகும் ஒருவர் லேபிளைத் திருப்பிப் பார்த்தால், அதன் அதிர்வு திருப்பூரின் அவினாசி சாலையில் தெரியும். ‘பச்சை உடை’ மோகம் உண்மையில் எதை மாற்றுகிறது, எதை மாற்றவில்லை என்று அறிய அதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

கேள்வி எங்கிருந்து வந்தது?

உடையைப் பற்றிய இந்த அக்கறை ஒரே நாளில் முளைத்ததல்ல. 1990களில், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சில அசோ சாயங்களுக்கு ஜெர்மனி தடை போட்டது. இந்தியச் சாயப்பட்டறைகள் சாய டப்பாக்களையே மாற்ற வேண்டியிருந்தது. 1996இல் அமெரிக்காவின் படகோனியா நிறுவனம் தன் பருத்தி ஆடைகள் முழுவதையும் ஆர்கானிக் பருத்திக்கு மாற்றியது. அதே நிறுவனம் 2011இல், ஆண்டிலேயே அதிக விற்பனை நடக்கும் தள்ளுபடி நாளில், ‘இந்த ஜாக்கெட்டை வாங்காதீர்கள்’ என்று முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது.

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சாவர் நகரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். இடிபாடுகளுக்கு நடுவே கிடந்த லேபிள்கள் மேற்கத்தியக் கடைகளுக்குப் பழக்கமானவை. மலிவுச் சட்டையின் விலையை வேறு யாரோ கட்டுகிறார்கள் என்பது அன்று பலருக்குப் புரிந்தது. ‘என் துணியைத் தைத்தது யார்?’ என்று கேட்கும் இயக்கம் அதிலிருந்துதான் பிறந்தது.

ஆனால் இதே ஆண்டுகளில்தான் இன்னொன்றும் நடந்தது. நாளுக்கு ஆயிரக்கணக்கான புது டிசைன்களைச் செயலியில் இறக்கும் ஷீ-இன் போன்ற நிறுவனங்கள் உலகம் முழுக்கப் பரவின. 2020இல் இந்தியாவில் தடை செய்யப்பட்ட ஷீ-இன் செயலி, 2025இல் ரிலையன்ஸ் வழியாகத் திரும்பியும் வந்துவிட்டது. உலகில் தயாராகும் இழைகளில் பாதிக்கு மேல் இன்று பாலியெஸ்டர். பருத்தி ஐந்தில் ஒரு பங்குதான். பழைய துணியிலிருந்தும் வெட்டுக் கழிவிலிருந்தும் திரும்ப எடுக்கப்படும் இழை நூற்றில் ஒன்றுகூட இல்லை.

ஆக, சர்வே எடுப்பவரிடம் ‘பூமிக்கு நல்லதையே வாங்குவேன்’ என்று சொல்பவரும், அன்றிரவே 399 ரூபாய்க்கு மூன்றாவது டாப்ஸை ஆர்டர் செய்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. விருப்பம் மட்டும் ஒரு தொழிலை எவ்வளவு தூரம் திருத்தும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நொய்யலைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள்

விருப்பம் எவ்வளவு தூரம் திருத்தும் என்பதற்குப் பதில் நொய்யல் ஆற்றில் இருக்கிறது.

பருத்தித் துணியைச் சாயத் தண்ணீரில் போட்டால் மட்டும் நிறம் ஏறிவிடாது. தண்ணீரில் நனைந்த பருத்தி இழைக்கும் சாயத்துக்கும் ஒரே வகை மின்னேற்றம், ஒன்றையொன்று விலக்கும். சாயத்தைத் துணிக்குள் தள்ள உப்பு வேண்டும். வெளிர் நிறத்துக்குக் கொஞ்சம் போதும்; கறுப்பு, கருநீலம் என்றால் லிட்டருக்கு 80 கிராமையும் தாண்டும். 500 கிலோ துணி பிடிக்கும் மெஷினில் 3,000 லிட்டர் தண்ணீர் நிரப்பிக் கறுப்பு அடித்தால், அந்த ஒரு பாட்ச்சுக்கு மட்டும் கால் டன் உப்பு. அதில் ஒரு சிட்டிகைகூடச் சட்டையோடு போவதில்லை. அத்தனையும் கழிவுநீரில் வெளியே வரும். நிறத்தை எடுத்துவிடலாம், நாற்றத்தை எடுத்துவிடலாம். தண்ணீரில் கரைந்த உப்பைச் சாதாரண வடிகட்டியால் எடுக்க முடியாது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் நொய்யலுக்கு அந்த உப்பு பல பத்தாண்டுகள் போய்ச் சேர்ந்தது. பாசனத்துக்காகச் சென்னிமலைக்கு அருகே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. எந்த விவசாயிகளுக்காக அணை கட்டினார்களோ, அவர்களே ‘தண்ணீரைத் தேக்காதீர்கள், திறந்துவிடுங்கள்’ என்று கேட்கும் நிலை வந்தது. கிணற்று நீர் கரித்தது. தென்னை காய்ந்தது.

அந்த ஆண்டுகளில் திருப்பூர்ச் சட்டையை வாங்கிய வெளிநாட்டுக் கடைகளுக்கு அசோ சாயம் பற்றித் தெரியும், ஒரத்துப்பாளையம் தெரியாது. அசோ சாயம் உடுத்துபவரின் தோலில் படும்; கழிவுநீர் காங்கயத்துக்காரர் வயலில் அல்லவா பாய்ந்தது!

ஆற்றுக்காக நீதிமன்றப் படியேறியது நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சாயப்பட்டறைகள் மேல்முறையீடு செய்தன. 2009இல் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கமே நின்றது. அப்போதும் உத்தரவு முழுதாக நடைமுறைக்கு வரவில்லை. 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை இழுத்து மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஊர் ஸ்தம்பித்தது. சாயம் போட வழியில்லாமல் துணி வெளி மாநிலங்களுக்கு லாரி ஏறியது. வேலையிழந்தவர்கள் சொந்த ஊருக்குப் பஸ் ஏறினார்கள். அதன் பிறகுதான் வங்கிக் கடன், அரசின் வட்டியில்லாக் கடன், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் மறுசீரமைப்பு என்று எல்லாம் வேகம் பிடித்தது.

இன்று அந்த நிலையங்களில் நடப்பது ஒரு பெரிய சமையல். கழிவுநீரை முதலில் நுண்ணுயிர்கள் தின்னும் தொட்டிகளில் விடுகிறார்கள். பிறகு ஆர்.ஓ. சவ்வுகள் வழியாக அழுத்தி நல்ல தண்ணீரைப் பிரிக்கிறார்கள். மிஞ்சும் கெட்டியான உப்புநீரை ஆவியாக்கிகளில் கொதிக்க வைத்துச் சுண்டச் செய்து உப்பாக எடுக்கிறார்கள். தண்ணீரில் 90 சதவீதத்துக்கு மேல் மீண்டும் சாயத்துக்கே போகிறது, உப்பும் போகிறது. எதற்கும் உதவாத கலப்பு உப்பும் கசடும் ஷெட்டுகளில் மூட்டைகளாக அடுக்கிக் கிடக்கின்றன. உப்புநீரைச் சுண்ட வைக்க பாய்லர் எரிய வேண்டும். அதற்கு விறகோ நிலக்கரியோ வேண்டும். ஆற்றைக் காப்பாற்றக் கொடுக்கும் விலையில் கொஞ்சம் புகையும் இருக்கிறது. மழை பெய்தால் நொய்யலில் நுரை பொங்கும் செய்தியும் இன்னும் நின்றபாடில்லை. ஆனாலும் ஒரு தொழில் நகரம் மொத்தமாகக் கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு மாறியது உலக அளவில் அரிது.

இப்போது கவனியுங்கள். வழக்கும் பூட்டும் கடனும் சேர்ந்து கொண்டுவந்த இந்த ஏற்பாட்டைத்தான் திருப்பூர் இன்று சட்டை வாங்கும் வெளிநாட்டு பையர்களிடம் தன் பெருமையாகக் காட்டுகிறது. அவர்களும் இதைத்தான் தங்கள் பச்சை அறிக்கைகளில் எழுதிக்கொள்கிறார்கள். நுகர்வோர் விருப்பம் வந்து ஆற்றைக் காக்கவில்லை. சட்டம் கட்டாயப்படுத்தியதை, விருப்பம் பின்னால் வந்து பாராட்டியது.

சென்ட் கணக்கு

பாராட்டியது சரி, பணம் கொடுத்ததா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ துணியில் வெட்டுச் சேதாரம் போக ஐந்து டி-சர்ட் வரும். ஆர்கானிக் நூல் சாதா நூலைவிடக் கிலோவுக்கு 50 ரூபாய் அதிகம் என்று வைத்துக்கொண்டால், சட்டைக்கு 10 ரூபாய். சாய நீரைச் சுத்திகரிக்கக் கிலோ துணிக்கு 15 ரூபாய் ஆகிறது என்றால், சட்டைக்கு 3 ரூபாய். இரண்டும் சேர்ந்து 13 ரூபாய். அந்தச் சட்டை ஐரோப்பியக் கடையில் 15 யூரோவுக்கு, அதாவது சுமார் 1,500 ரூபாய்க்கு, தொங்குகிறது. நூற்றுக்கு ஏறக்குறைய ஒரு ரூபாய்தான் வித்தியாசம். கடைக்காரர் ‘ஆர்கானிக்’ அட்டையைக் கட்டித் தொங்கவிட்டு ஏற்றிக்கொள்ளும் விலை பெரும்பாலும் இதைப்போலப் பல மடங்கு.

ஆனால் பேரம் நடக்கும்போது அந்த 13 ரூபாய்தான் முதலில் அடிபடுகிறது. சான்றிதழ் எல்லாம் கேட்கிறார்கள், ரேட்டை மட்டும் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள் என்பது ஏற்றுமதியாளர்கள் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கும் புலம்பல். ஐந்து சென்ட் குறைத்தால் ஆர்டர் இங்கே, இல்லாவிட்டால் வங்கதேசத்துக்கு. கழிவுநீரைக் கடைசிச் சொட்டு வரை சுண்டக் காய்ச்சும் கட்டாயம் இல்லாத ஊர்களோடுதான் திருப்பூர் விலையில் மோத வேண்டியிருக்கிறது. பெரிய கம்பெனி தாங்கும். பத்து மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்பவர் அந்த அழுத்தத்தைக் கூலியில்தான் இறக்குவார். பச்சைச் சட்டையின் லேபிளில் தண்ணீர் இருக்கும், பஞ்சு இருக்கும். தைத்தவரின் பீஸ் ரேட் இருக்காது.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது, திருப்பூர் ஐரோப்பா, பிரிட்டன் பக்கம் கூடுதலாகத் திரும்பியது. அங்கேதான் விதிகள் இறுகிக்கொண்டே வருகின்றன. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2025 ஜனவரி முதல் பழைய துணியைத் தனியாகச் சேகரிக்க வேண்டும். விற்காத ஆடைகளைப் பெரிய நிறுவனங்கள் அழிப்பதற்கு 2026 ஜூலை முதல் தடை. ஒவ்வொரு ஆடைக்கும் அதன் வரலாற்றைச் சொல்லும் டிஜிட்டல் பாஸ்போர்ட் அடுத்து வரவிருக்கிறது. இதுவரை பையரின் விருப்பமாக இருந்தது இனி எல்லோருக்கும் பொதுவான சட்டம். எல்லோருக்கும் பொது என்றால், அதைக் காட்டி விலையை அடிப்பது கொஞ்சம் கடினம்.

வேஸ்ட் குடோனில் பிறக்கும் நூல்

எல்லாப் பச்சையும் வெளியிலிருந்து வந்து இறங்கியதல்ல. கட்டிங் வேஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

துணியை அடுக்கி வெட்டும்போது கழுத்துப் பிறையும் கைக்குழியும் போக மிஞ்சும் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் குடோனுக்குப் போகின்றன. அங்கே தரையில் வட்டமாக உட்கார்ந்து பெண்கள் பிரிக்கிறார்கள். கறுப்பு தனி, சிவப்பு தனி, வெள்ளை தனி. நீலத்தில் மட்டும் கடற்படை நீலம், ராயல் நீலம், வான நீலம் என்று மூன்று நான்கு குவியல். பாலியெஸ்டர் கலந்த துண்டை விரல் தேய்ப்பிலேயே கண்டுபிடித்து ஒதுக்குவார்கள். எலாஸ்டிக், லேபிள், தையல் நூல் எல்லாம் கழியும். பிறகு பற்கள் வைத்த உருளைகளில் துணி கிழிந்து மறுபடி பஞ்சாகிறது. ஓப்பன் எண்டு மில்களில் அது நூலாகிறது.

சிவப்புத் துண்டிலிருந்து வந்த நூல் சிவப்பாகவே இருக்கும். அதற்குப் புதிதாகச் சாயம் தேவையில்லை, தண்ணீர் தேவையில்லை, உப்பு தேவையில்லை. உலகம் இன்று ‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்று மாநாடு போடும் விஷயத்தைக் கொங்கு மண்டலத்து மில்காரர்கள் லாப நோக்கில் வெகுகாலமாகவே செய்துவருகிறார்கள். போர்வை, மிதியடி, துண்டு என்று போன அந்த நூல், இப்போது மேற்கத்தியக் கடைகளின் டி-சர்ட்டுக்கும் போகிறது.

குறையும் உண்டு. கிழித்த பஞ்சின் இழை குட்டை. அதனால் புதுப் பஞ்சோ பாலியெஸ்டரோ கலந்தால்தான் மெல்லிய நூல் நிற்கும். பாலியெஸ்டர் கலந்துவிட்டால் அந்தச் சட்டையை மறுபடி பிரித்தெடுப்பது பெரும்பாடு. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கிச் செய்யும் ஆடைக்கும் இதே சிக்கல். 2023 பிப்ரவரியில் பிரதமர் மோடி பாட்டில் இழையில் செய்த நீல ஜாக்கெட்டோடு நாடாளுமன்றத்துக்கு வந்தபோது அந்தத் துறைக்கு நல்ல விளம்பரம் கிடைத்தது. ஆனால் பாட்டிலை உருக்கினால் மறுபடி பாட்டிலாக்கலாம். சட்டையாகிவிட்டால் அதோடு பெரும்பாலும் கதை முடிந்தது. ஒவ்வொரு சலவையிலும் நுண்ணிய பிளாஸ்டிக் இழைகள் சாக்கடைக்குப் போகும்.

சாயம் வெளுக்கும் வாக்குறுதிகள்

கிராக்கி கூடினால் போலியும் கூடும். 2020இல், ஆர்கானிக் ஜவுளிக்கான கோட்ஸ் சான்று அமைப்பு ஒரு மோசடியைப் பிடித்தது. இந்தியாவிலிருந்து 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்றிதழ்கள் தயாராகியிருந்தன. அதன் கணக்கில் அது நாட்டின் ஆர்கானிக் பருத்தி உற்பத்தியில் ஆறில் ஒரு பங்கு. அரசு இணையதளம் போலவே போலிப் பக்கங்கள் செய்து, க்யூஆர் கோடு ஸ்கேன் செய்தால் அங்கே போய் நிற்கும்படி வைத்திருந்தார்கள். 11 நிறுவனங்களுக்குத் தடை விழுந்தது.

இன்னொன்று மூங்கில். ‘மூங்கில் சேலை’, ‘மூங்கில் பனியன்’ என்று நம் ஊர்க் கடைகளிலும் விற்கிறார்கள். மூங்கிலைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவும் கார்பன் டைசல்ஃபைடும் சேர்த்து இழையாக்கினால் அதன் பெயர் விஸ்கோஸ், அதாவது ரேயான். மரக்கூழில் செய்தாலும் அதே பொருள்தான். விஸ்கோஸ் ஆலையின் கழிவு என்ன செய்யும் என்று, அப்படியொரு ஆலை இயங்கிய சிறுமுகையில் பவானிக் கரையோரம் இருந்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். ரேயானை மூங்கில் என்று விற்றதற்காக, 2022இல் அமெரிக்காவில் வால்மார்ட், கோல்ஸ் என்ற இரு பெரிய கடைகள் மீது அந்நாட்டு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. இரண்டும் சேர்ந்து 55 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது.

நம் நாட்டிலும் விதி வந்துவிட்டது. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், போலிப் பசுமை விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ‘இயற்கைக்கு உகந்தது’, ‘பசுமை’, ‘தூய்மையானது’ என்று ஒரு பொருளைப் பற்றிச் சொன்னால் ஆதாரம் காட்ட வேண்டும். எதைப் பற்றிய வாக்குறுதி அது, பஞ்சைப் பற்றியா, பையைப் பற்றியா என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். இதைப் பற்றி எந்த ஜவுளிக் கடை விளம்பரமாவது கவலைப்பட்டதாகத் தெரிகிறதா?

கருங்கண்ணியின் விலை

உள்ளூரில் முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. பொள்ளாச்சியிலிருந்து 2009இல் தொடங்கிய எத்திகஸ் என்ற ஆடை நிறுவனம், கர்நாடகத்தின் கபினி பகுதியில் விளையும் ஆர்கானிக் பருத்தியை வாங்கிக் கைத்தறியில் நெய்து, நெய்தவரின் படத்தையும் பெயரையும் சேலையோடு இணைத்து அனுப்புகிறது. சென்னையின் துலா அமைப்பு, மானாவாரி நாட்டுப் பருத்தி, கைநூற்பு, இயற்கைச் சாயம் என்று போகிறது.

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கக் கரிசலில் ஒரு காலத்தில் கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்திதான். மழையை நம்பி வளரும், பூச்சியைத் தாங்கும், மருந்துச் செலவு குறைவு. இழை குட்டை என்பதால் வேகமாக ஓடும் மில் இயந்திரங்களுக்கு அது சரிப்படவில்லை. நாட்டின் பருத்தி நிலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் மரபணு மாற்றப்பட்ட பி.டி. ரகங்கள் பிடித்துக்கொண்ட பிறகு கருங்கண்ணி ஓரமானது. அதை மீட்க வேண்டும் என்றால் விதை மட்டும் போதாது. அதற்கேற்ற நூற்பு வேண்டும், குறைந்த விளைச்சலுக்கு ஈடாகக் கூடுதல் விலை வேண்டும். ரசாயன விவசாயத்திலிருந்து மாறும் விவசாயி, சான்று கிடைக்கும் வரை இரண்டு மூன்று ஆண்டுகள் ஆர்கானிக் முறையில் பாடுபட்டுச் சாதா விலைக்கு விற்க வேண்டும். இந்த இடைக்காலச் செலவை எந்த லேபிளும் ஏற்பதில்லை.

இப்படி வரும் சட்டை ஒன்று இரண்டாயிரத்தைத் தொட்டுவிடுகிறது. மாதம் 20,000 ரூபாய் சம்பளக்காரரிடம் அதை வாங்கச் சொல்வது அபத்தம். அவர் ஏற்கெனவே பசுமையாகத்தான் வாழ்கிறார். அண்ணன் சட்டை தம்பிக்கு, அம்மாவின் பழைய வாயில் சேலை குழந்தைக்குத் தூளி, கிழிந்த வேட்டி கைப்பிடித் துணி. உலகின் துணிக் குப்பையை உண்டாக்குவது வருமானம் கூடியவரின் அலமாரி. தியாகம் அங்கிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

இனி எதைக் கேட்பது?

வாங்குபவர் செய்ய எளியது, இருப்பதைக் கூடுதல் நாள் உடுத்துவது. ஒரு சட்டையை ஓராண்டுக்குப் பதில் இரண்டாண்டு போட்டால், அதற்குச் செலவான தண்ணீரும் உப்பும் விறகும் ஆண்டுக் கணக்கில் பாதியாகிவிடும். இதற்குச் சான்றிதழ் தேவையில்லை; தெருமுனை ஆல்டரேஷன் கடை போதும்.

அடுத்தது, லேபிளை நம்பும் முன் ஒரு நிமிடம். ‘கோட்ஸ்’ முத்திரை இருந்தால் குறைந்தது 70 சதவீதம் ஆர்கானிக் இழை. ‘ஆர்கானிக்’ என்றே போட்டிருந்தால் 95. ‘ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100’ என்பது துணியில் கெட்ட ரசாயனம் தங்கவில்லை என்று மட்டும் சொல்லும். பஞ்சு எப்படி விளைந்தது என்று சொல்லாது. முத்திரையும் எண்ணும் இல்லாமல் இலைப் படம் மட்டும் இருந்தால் அது வெறும் படம். ஏமாற்றியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் சொல்லலாம்.

ஆனால் நொய்யலின் கதையைப் படித்தவர்கள் இத்தோடு நிற்க முடியாது. திருப்பூருக்கு ஒரு நியாயம், நாட்டின் மற்றச் சாய நகரங்களுக்கு இன்னொரு நியாயம் என்றிருக்கும் வரை, சுத்தமாக நடப்பவர் விலையில் தோற்றுக்கொண்டே இருப்பார். கழிவுநீர் விதி எல்லா ஊருக்கும் ஒன்றாக வேண்டும். அதை அரசால்தான் செய்ய முடியும், வாங்குபவரால் முடியாது.

கடைசியாக நம் பங்கு. ஏற்றுமதிச் சட்டைக்கு ஒவ்வொரு கட்டத்திலும் காகிதம் இருக்கிறது. அதே திருப்பூரில் தயாராகி நம் தெருக் கடைக்கு வரும் பனியனுக்கு ஒன்றும் கிடையாது, ஏனென்றால் நாம் கேட்டதில்லை. நம் குடும்பங்களின் துணிச் செலவில் நல்லதொரு பங்கு தீபாவளியை ஒட்டித்தான் நடக்கிறது. அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு கடைக்காரரிடம் ‘இதற்குச் சாயம் எங்கே போட்டீர்கள்?’ என்று கேட்க முடியாதுதான். ஆடி முடிந்து அவர்கள் தீபாவளிச் சரக்குக்கு ஆர்டர் கொடுக்கும் நேரத்தில் கேட்கலாம். பத்துப் பேர் கேட்டால் சிரிப்பார்கள். ஆயிரம் பேர் கேட்டால் பனியன் கம்பெனிக்கு போன் போட்டு விசாரிப்பார்கள்.